அப்பா கேட்ட மின்விசிறி

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 24 வயது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் வேதிப்பொறியியல் டிப்ளமாவும், அப்புறம் தேசிய சேவையும் முடித்து, ஒன்றரை ஆண்டாகச் சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் ஒரு ரசாயன ஆலையில் டெக்னீஷியனாக இருக்கிறேன். 12 மணி நேர ஷிஃப்ட். அலவன்ஸ் சேர்த்து மாதம் 2,900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அம்மாவிடம் 800 கொடுக்கிறேன்.

இந்த ஆண்டு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஆண்டுக் கட்டணம் 8,000 வெள்ளிக்கு மேல். 4 ஆண்டுக்கு ஏறக்குறைய 33,000. கடன் வாங்கினால் படிக்கும்போது ஏறும் வட்டியையும் போட்டுப் பார்த்தேன், தலை சுற்றுகிறது. அதோடு 4 ஆண்டுச் சம்பளம் 139,200 வெள்ளி கையைவிட்டுப் போகும். படித்து வந்தாலும் வேதியியலுக்குக் கணினித் துறை மாதிரி எடுத்த எடுப்பில் பெரிய சம்பளம் கிடையாது.

"வர்ற காசு போதாதா?" என்கிறார் அம்மா. சித்தப்பா வீட்டில் நான் டெக்னீஷியன் என்றால் முகம் ஒரு மாதிரி போகிறது. வேலையிலும் மதிப்பில்லை. ஆலையில் ஓடும் திரவத்தின் மாதிரியைப் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவேன், சோதனை முடிவாக ஒரு எண் திரும்பி வரும். அந்த எண் ஏன் மாறியது என்று ஒருநாள் கேட்டேன். "நீங்க வால்வைப் பாருங்க" என்றார்கள். அதற்காக 139,200 வெள்ளியை விட முடியுமா?

அப்பா கடனுக்கு ஜாமீன் நிற்கிறேன் என்கிறார். கையெழுத்துப் போட எந்த நாள் லீவு போடணும் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார், நான் பதில் சொல்லவில்லை. (சம்பந்தமில்லாத விஷயம்தான். போன மாதம் கூடத்து மின்விசிறி ஆட ஆரம்பித்தது. அப்பா என் அறை வாசலில் நின்று, "மாத்திடலாமாய்யா?" என்று கேட்டார். அவர் யாரிடமும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.) அம்மா வேறு போதாதா, போதாதா என்கிறார். கடன் வாங்கிப் படிப்பது புத்திசாலித்தனமா, சொல்லுங்கள்.

— ஈசூனிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் கணக்கை முடித்துவிடுவோம். பல்கலைக்கழகக் கட்டணக் கடன், அரசு மானியம் போக நீங்கள் கட்டும் கட்டணத்தில் 90 சதவீதம் வரை கிடைக்கும். படிக்கும் காலத்தில் அதற்கு வட்டி கிடையாது, பட்டம் முடிந்த பிறகுதான் தொடங்கும். கட்டத் தொடங்க 2 ஆண்டு வரை அவகாசம் உண்டு, கட்டி முடிக்க 20 ஆண்டு வரை. ஆகவே நீங்கள் போட்ட அந்த 4 ஆண்டு வட்டியை அடித்துவிடுங்கள். இழக்கும் சம்பளம் நிஜம்தான். சம்பளத்தை மட்டும் நினைத்து வேதியியல் படிப்பதாக இருந்தால், போகாதீர்கள் என்றே சொல்வேன்.

ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்தத் தொகை என்று எனக்குத் தோன்றவில்லை. சம்பந்தமில்லை என்று அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அந்த மின்விசிறிதான் இந்தக் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்தது.

கூடத்தில் எதை மாட்டுவது என்று இத்தனை வருடம் அப்பா முடிவு செய்தார். ஒன்றரை ஆண்டுச் சம்பளத்தில் அவர் உங்கள் அறை வாசலில் வந்து நிற்கிறார். அது உங்களைக் கூச வைத்திருக்கிறது. பிடித்தும் இருக்கிறது. பிடித்ததில் தப்பே இல்லை. 27 வயதில் பஸ், ரயிலுக்கான ஈஸி-லிங்க் அட்டைக்குப் பணம் போட அம்மாவிடம் கை நீட்ட வேண்டிவந்தால், மறுபடி சின்னப் பையனாகிவிடுவோமோ என்ற பயம்தான் உள்ளே இருக்கிறது. அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கவே, கடன் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

இன்னொன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மாமேல் பழியைப் போடுவது நியாயமில்லை. போதாதா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். படிக்காதே என்று சொன்னதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அவர் கேள்விக்கு "போதாதும்மா, அந்த எண் ஏன் மாறுதுன்னு எனக்குத் தெரியணும்" என்று எப்போதாவது பதில் சொன்னீர்களா? மாதிரிப் பாட்டிலைப் பற்றி எனக்கு எழுதத் தெரிந்தது, அம்மாவிடம் சொல்ல வரவில்லை. அப்பாவோ லீவு போடத் தயாராக நிற்கிறார். அவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது நீங்கள்தான், தம்பி. இந்த வீட்டில் உங்களைத் தடுக்கிறவர் வேறு யாரும் எனக்குத் தென்படவில்லை.

உங்கள் 800 வெள்ளி இல்லாமல் வீடு ஓடுமா என்று அவர்களிடமே கேளுங்கள். ஓடாது என்றால் அது வேறு பேச்சு, இப்போதைக்கு வேலையிலேயே இருங்கள், அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. ஓடும் என்று சொன்னால் நம்புங்கள். நீங்கள் கட்டத் தவறினால் வங்கி அப்பாவிடம்தான் வரும் என்பதையும் அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மின்விசிறியை மாற்றினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இன்னும் ஆடிக்கொண்டிருந்தால், அடுத்த ஓய்வு நாளில் அப்பாவைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். பணம் நீங்கள் கொடுங்கள், எது வேண்டும் என்று அவர் சொல்லட்டும். திரும்பி வரும்போது, லீவு எந்த நாள் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.