பழைய கேபிள் பாக்ஸைக் கொடுத்துவிட்டு ரெக்கார்டிங் வசதியுள்ள புது எச்டி பாக்ஸ் வாங்கலாமா? எத்தனை ஜிபி பதியும், எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

தாராளமாக மாறலாம். ஆனால் கேள்வியில் நீங்கள் கேட்டிருப்பதுபோல் "எத்தனை ஜிபி பதியும்" என்பதை வைத்துப் பாக்ஸைத் தேர்ந்தெடுக்காதீர்கள். யுஎஸ்பியில் வெளியே மாட்டும் ஹார்டு டிஸ்கைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் பெரிதாக்கிக்கொள்ளலாம். பாக்ஸுக்குள் எத்தனை டியூனர் (சேனலைப் பிடிக்கும் பகுதி) இருக்கிறது என்பதைப் பிறகு மாற்றவே முடியாது. கேபிள்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

ஒரு டியூனர் ஒரு நேரத்தில் ஓர் அதிர்வெண்ணைத்தான் (ஃப்ரீக்வென்சி) பிடிக்கும். கேபிளில் ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் பல சேனல்களைக் கட்டி அனுப்புகிறார்கள். ஆகவே ஒரே டியூனர் உள்ள பாக்ஸில் ஒரு சேனலைப் பதியும்போது அதே சேனலைப் பார்க்கலாம். பாக்ஸின் மென்பொருள் அனுமதித்தால் அதே கட்டில் வரும் வேறு சில சேனல்களையும் பார்க்கலாம். மற்ற சேனலுக்குத் தாவினால், "ரெக்கார்டிங்கை நிறுத்தவா?" என்று கேட்கும். எட்டு மணி சீரியலைப் பதியப் போட்டுவிட்டு வீட்டில் இன்னொருவர் கிரிக்கெட் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு டியூனர் கட்டாயம். உள்ளூர் கேபிளில் கொடுக்கும் பாக்ஸ்களில் பெரும்பாலானவை ஒற்றை டியூனர்தான். டிஷ் இணைப்பில் இரட்டை டியூனர் பாக்ஸ் வாங்கினால், பொதுவாக மொட்டை மாடியிலிருந்து இரண்டு தனிக் கேபிள்கள் இறங்க வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு பாக்ஸ் என்றால் ரெக்கார்டிங் தானாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. அந்த வசதியே இல்லாமல் வருபவை நிறைய. யுஎஸ்பி துளை இருப்பதும் போதாது. சில இடங்களில் தனிக் கட்டணம் கட்டி ஆக்டிவேட் செய்த பிறகுதான் ரெக்கார்டிங் வேலை செய்யும்.

இப்போது ஜிபி கணக்கு. எம்பெக்-4 என்ற சுருக்கும் முறையில் வரும் எஸ்டி சேனல் நொடிக்கு சுமார் 2 மெகாபிட் எடுத்தால், மணிக்கு 0.9 ஜிபி. எச்டி சேனல் நொடிக்கு 8 மெகாபிட் என்றால் மணிக்கு 3.6 ஜிபி. ஒரு டி20 ஆட்டம் நான்கு மணி நேரம் ஓடினால் 14, 15 ஜிபி போய்விடும். ஒருநாள் ஆட்டத்தை 32 ஜிபி பென் டிரைவில் எச்டியில் பதிய நினைத்தால், கடைசி ஓவர்கள் விழும் நேரத்தில் இடம் தீர்ந்துபோகலாம். 500 ஜிபி டிஸ்க் சுமார் 135 மணி நேர எச்டி தாங்கும். பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே அதிகம்.

வேகத்தைப் பொறுத்தவரை, எச்டி பதிய நொடிக்கு 1 மெகாபைட் எழுதினால் போதும். ஆனாலும் மலிவான பென் டிரைவில் படம் திக்கும். காரணம், அவை சீராக எழுதாமல் இடையிடையே ஓரிரு நொடி நின்றுவிடும். அந்த இடைவெளியில் வந்த காட்சி தொலைந்துவிடும். நேரலையை நிறுத்தி வைத்துப் பார்க்கும் வசதியை எப்போதும் இயக்கத்தில் வைத்திருந்தால் பென் டிரைவ் ஓயாமல் எழுதிச் சூடாகிச் சீக்கிரம் கெட்டுப்போகும். எனவே 2.5 அங்குல ஹார்டு டிஸ்க்தான் என் பரிந்துரை. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. யுஎஸ்பி 2.0 துளை தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர்தான். டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 1 ஆம்பியர் வரை இழுக்கும். டிஸ்க் "டிக் டிக்" என்று ஒலித்து நின்றுபோனாலோ, பாக்ஸ் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனாலோ, டிஸ்க் கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள், மின்சாரம் போதாமல் இருக்கலாம். தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் வழியாக மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரு டெராபைட்டுக்கு மேல் வாங்கும் முன் பாக்ஸ் எவ்வளவு வரை ஏற்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய பாக்ஸிலும் பதிவுகள் இருந்தால், அவற்றைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும்: அவை புது பாக்ஸுக்கு வராது. பதிவை அந்தப் பாக்ஸுக்கே உரிய சாவியால் பூட்டித்தான் டிஸ்கில் எழுதுகிறார்கள். அதே நிறுவனத்தின், அதே மாடலின் இன்னொரு பாக்ஸில் மாட்டினாலும் திறக்காது, கணினியிலும் ஓடாது. பழைய டிஸ்கைப் புது பாக்ஸில் செருகியதும் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். அவசரத்தில் ஓகே அழுத்தினால் எல்லாம் அழிந்துவிடும். பழைய பாக்ஸைத் திருப்பிக் கொடுக்கும் முன், சேர்த்து வைத்ததை எல்லாம் பார்த்து முடித்துவிடுங்கள். பிள்ளைகள் கலந்துகொண்ட நிகழ்ச்சி போன்ற அரிய பதிவு இருந்தால், அந்தச் சேனலின் யூடியூப் பக்கத்தில் இருக்கிறதா என்று இப்போதே தேடி வையுங்கள். பாக்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணையும், தற்போதைய சேனல் பட்டியலையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை பாக்ஸ் என்றால் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது அவசியம். இல்லாவிட்டால் இரண்டு பாக்ஸுக்கும் பில் ஓடிக்கொண்டிருக்கும். 2019-இல் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிமுறை மாறியதிலிருந்து எஸ்டிக்கும் எச்டிக்கும் தனித்தனி விலை. எச்டி எடுத்த சேனலின் எஸ்டி வடிவத்தை நீக்கச் சொல்லிவிடுங்கள்.

பலரும் விட்டுவிடுவது வயரை. நேரலையில் நொடி நேரம் கட்டம் கட்டமாக உடைந்தால் மறந்துவிடுவோம். பதிவில் அது நிரந்தரம். வயரைப் பிரிக்கும் இரண்டு வழி ஸ்பிளிட்டர் ஒன்று சிக்னலில் சுமார் 4 டெசிபல் தின்றுவிடும், நான்கு வழி என்றால் 7, 8. இரண்டாவது டிவி இல்லாத வீட்டிலும் பழைய ஸ்பிளிட்டர் சுவரோரம் தொங்கிக்கொண்டிருக்கும். அதைக் கழற்றி நேராக இணைக்கச் சொல்லுங்கள். கேபிள்காரரின் மீட்டரில் சிக்னல் 55 முதல் 65 டிபி மைக்ரோவோல்ட் வரை காட்டினால் நிம்மதி. கனெக்டரின் விளிம்பைத் தாண்டி நடுக் கம்பி 2, 3 மில்லிமீட்டர் நீட்டியிருக்க வேண்டும். வலைக்கம்பியின் ஓர் இழைகூட அதைத் தொடக் கூடாது. வாய் பச்சை பூத்திருந்தால் வெட்டிவிட்டுப் புதிது போடுங்கள், பத்து ரூபாய் சமாசாரம்.

டிவிக்கு எச்டிஎம்ஐ போதும். பழைய பெட்டி டிவியாக இருந்தால், பாக்ஸோடு வரும் ஏவி வயரையே பயன்படுத்துங்கள். சிறிய ஒற்றை முனை கொண்ட அந்த வயர்களுக்குள் இணைப்பு வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேறு வயரைப் போட்டால் படம் வராமல் போகலாம், ஸ்பீக்கர் இரையலாம்.

அடுத்து, சுவர் சுவிட்ச். படுக்கப் போகும்போது எல்லாவற்றையும் அணைப்பது நம் வீடுகளில் நல்ல வழக்கம். ஆனால் பதிய வேண்டிய பாக்ஸ் ஸ்டாண்ட்பையில் மின்சாரத்தோடு இருந்தாக வேண்டும். பதிந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அந்தப் பதிவோடு டிஸ்கின் கோப்பு அட்டவணையும் குலையலாம். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், பாக்ஸின் அடாப்டர் 12 வோல்ட் என்றால் ரவுட்டருக்கு விற்கும் சின்ன யுபிஎஸ்ஸே இதற்கும் பொருந்தும். அடாப்டரில் அச்சிட்டிருக்கும் ஆம்பியரைவிட அது குறைவாகத் தரக் கூடாது. உள்ளேயே டிஸ்க் உள்ள பாக்ஸின் மேல் துணி விரிக்காதீர்கள், வேறு பெட்டியையும் அடுக்காதீர்கள்.

பதிவு நேரத்தில் சீரியலுக்கு முன்னால் 2 நிமிடம், பின்னால் 5 நிமிடம் கூட்டி வையுங்கள். நேரலை விளையாட்டுக்குப் பின்னால் ஒரு மணி நேரம். நிகழ்ச்சி அட்டவணை எப்போதும் சரியாக இருப்பதில்லை. கேபிள்காரர் சேனல் எண்களை மாற்றி அமைத்தால் சில பாக்ஸ்களில் முன்பதிவுகள் வேறு சேனலைப் பதிந்துவிடும். அப்போது எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுவதே நல்லது.

பொருத்த வந்தவர் கிளம்பும் முன் ஒன்று செய்யுங்கள். ஒரு எச்டி சேனலை ஐந்து நிமிடம் பதியவிட்டு, இரட்டை டியூனர் பாக்ஸ் என்றால் அதற்குள் வேறு நான்கைந்து சேனல்களுக்கு மாறிப் பாருங்கள். பிறகு அடுத்த பத்து நிமிடத்தில் தொடங்கும்படி ஒரு முன்பதிவு போட்டு, பாக்ஸை ஸ்டாண்ட்பையில் விட்டுப் பாருங்கள். இரண்டு பதிவும் தடங்கலின்றி ஓடினால் பணத்தைக் கொடுங்கள்.