வீட்டு ரெக்கார்டிங்குக்கு நாமே சால்டர் பண்ற மைக் ப்ரீஆம்ப், எந்த சர்க்யூட் எடுக்கலாம்?

கேள்வி: எஸ்எம்58 மைக் வச்சு வீட்ல பாட்டு ரெக்கார்ட் பண்றேன். இண்டர்ஃபேஸ்ல (மைக்கை கம்ப்யூட்டரோட இணைக்கற பெட்டி) கெயினை முழுசா ஏத்துனா ஸ்ஸ்ஸ்னு இரைச்சல் வருது. சால்டரிங் ஓரளவு தெரியும், நானே ஒரு ப்ரீஆம்ப் (மைக்கோட சன்ன சிக்னலை ஏத்திக் குடுக்கறது) செய்யலாம்னு இருக்கேன். நீவ் 1073ங்கற பேர்போன ஸ்டுடியோ ப்ரீஆம்ப் மாதிரி ட்ரான்ஸ்ஃபார்மர் வச்சதா, இல்ல சிப் வச்சதா?

சிப் வச்சது. தாட் 1510 இல்லாட்டி ஐஎன்ஏ217, எட்டுக்கால் ஐசி, எது கைக்கு கிடைக்குதோ அது. ரெண்டுக்கும் கால் வரிசை ஒண்ணுதான், சாக்கெட் போட்டு வச்சிட்டா பின்னாடி மாத்திக்கலாம். கேட்டதுக்கு பதில் இவ்ளோதான். ஆனா நீங்க கேக்காத ஒண்ணு இருக்கு, பவர் சப்ளைக்கு என்ன பண்ணப் போறீங்க? நான் ரெண்டு ப்ரீஆம்ப் செஞ்சிருக்கேன், சர்க்யூட் தேர்ந்தெடுக்க மூணு மாசம் மண்டைய ஒடச்சுக்கிட்டேன், பவர் சப்ளைக்கு மூணு நிமிஷம்கூட யோசிக்கல, அனுபவிச்சதெல்லாம் அதனாலதான்.

காசு போடறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணிடுங்க. ஒரு எக்ஸ்எல்ஆர் பிளக்ல (மைக் ஒயர்ல வர்ற மூணு பின் பிளக்) 2, 3 பின்னுக்கு நடுவுல 150 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு சால்டர் பண்ணி இண்டர்ஃபேஸ்ல சொருகி, கெயின் முழுசா வச்சு அரை நிமிஷம் ரெக்கார்ட் பண்ணுங்க. அப்புறம் அதே கெயின்ல மைக்கை சொருகி, யாரும் பேசாம இன்னொரு அரை நிமிஷம். ரெண்டோட லெவலையும் பாருங்க. மைக் சொருகினப்ப 10 டெசிபலுக்கு மேல ஏறியிருந்தா நீங்க கேக்குற இரைச்சல் ப்ரீஆம்ப்போடது இல்ல, உங்க ரூமோடது.

ஏன்னா கணக்கு இப்படி. 150 ஓம் ரெசிஸ்டர் சும்மா இருந்தாலே அதோட சூட்டுல, 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் சேத்து, 0.22 மைக்ரோவோல்ட் இரைச்சல் தரும், இத எந்த கொம்பன் செஞ்ச ப்ரீஆம்ப்பும் கொறைக்க முடியாது. 1510 அதுக்கு மேல சேக்கறது 0.14, ரெண்டும் சேந்தா (நேரா கூட்டக்கூடாது, வர்க்கம் எடுத்துக் கூட்டணும்) 0.26. அதாவது இயற்கையோட எல்லைக்கு ஒன்றரை டெசிபல் பக்கத்துல ஏற்கனவே நிக்கிறோம், இதுக்கு மேல எவ்ளோ விலை குடுத்து எதை வாங்கினாலும் ஜெயிக்கிறது அந்த ஒன்றரைக்குள்ளதான். இப்ப எஸ்எம்58ஐ எடுத்துக்குங்க, 94 டெசிபல் சத்தத்துக்கு 1.85 மில்லிவோல்ட் தரும். ஃபேன் ஓடற ரூம்னு வேணாம், ஃபேனை நிறுத்திட்டு தெரு சத்தம் மட்டும் 40 டெசிபல்னு வச்சாலே மைக்ல 3.7 மைக்ரோவோல்ட் வருது. அந்த 0.26ஐ மாதிரி 14 மடங்கு. அப்புறம் எங்க போய் நீவ் தேடறது.

சரி டெஸ்ட்ல இண்டர்ஃபேஸ்தான் குத்தவாளின்னு வந்துச்சு, இல்ல என்னை மாதிரி செஞ்சு பாக்கணும்னு வெறும் ஆசைதான், ரெண்டுமே நியாயமான காரணம். ட்ரான்ஸ்ஃபார்மர் வழி மோசம்னு சொல்லல, 1:10 ட்ரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு 20 டெசிபலை ஏறக்குறைய ஓசியில ஏத்திக் குடுத்துடும், அதுக்குப் பின்னாடி சாதா 5534 ஐசி போட்டாலே சுத்தமா இருக்கும். ஆனா ஜென்சன், லுண்டால் மாதிரி நல்ல ட்ரான்ஸ்ஃபார்மர் வெளிநாட்டுலருந்து வரணும், கஸ்டம்ஸ் வேற, அந்த ஒண்ணோட காசுல சிப் ப்ரீஆம்ப் ரெண்டு சேனல் முழுசா முடிச்சிடலாம். முதல் தடவைக்கு வேணாம். அதே மாதிரி எஸ்எஸ்எம்2017னு ஒரு பழைய மைக் ப்ரீஆம்ப் சிப்பை ஆன்லைன்ல மலிவா வித்தா தொடாதீங்க, அந்த சிப் நிறுத்தி பல வருஷமாச்சு, நான் வாங்கின நாலுல நாலும் மேல பேரை அழிச்சு எழுதின வேற ஏதோ ஐசி.

இப்ப பவர் சப்ளை கதை. முதல் ப்ரீஆம்ப்பை ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள்ள செஞ்சேன், ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின 15-0-15 பவர் ட்ரான்ஸ்ஃபார்மரையும் அதுக்குள்ளயே ஒரு மூலையில வச்சேன், மெட்டல் டப்பாதானே எல்லாத்தையும் தடுத்துடும்னு நெனப்பு. எங்க அக்கா கர்நாடக சங்கீதம் பாடுவாங்க, 5 கட்டை சுருதி. தம்புரா ஆப்பை ஓட விட்டு ரெக்கார்ட் பண்ணி ஹெட்ஃபோன்ல குடுத்தா, கொஞ்ச நேரம் கண்ண மூடி கேட்டுட்டு, "தம்புராவுக்குள்ள இன்னொரு தம்புரா கேக்குதுடா, அதுவும் சுருதி சேராம"ன்னாங்க. எனக்கு ஒண்ணும் கேக்கல. ஸ்பெக்ட்ரம் போட்டு பாத்தா 50, 100, 200 ஹெர்ட்ஸ்ல முள்ளு முள்ளா நிக்குது. 5 கட்டைன்னா 196 ஹெர்ட்ஸ், நம்ம கரண்ட் குடுக்கற 200 அதுக்கு 4 மேல, அதனால செகண்டுக்கு நாலு தடவை ரெண்டும் உரசி அலையுது. ராக் பாட்டு ரெக்கார்ட் பண்றவனுக்கு இது தெரியவே தெரியாது, தம்புரா வச்சா மாட்டிக்கும்.

இதுல 50 வேற வியாதி, 100ம் 200ம் வேற வியாதி. 50 வந்தது ட்ரான்ஸ்ஃபார்மரோட காந்தப்புலத்துல. டப்பாவைத் திறந்து ட்ரான்ஸ்ஃபார்மரை கையில பிடிச்சு (இன்சுலேஷன் எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டு, 230 வோல்ட் விளையாட்டில்ல) மெதுவா திருப்பினா ஒரு கோணத்துல ஹம் பாதியாச்சு, வெளிய எடுத்து ரெண்டு அடி தள்ளி வச்சேன், போயே போச்சு. எவர்சில்வர் ஏன் தடுக்கலைன்னா, ஃபிரிட்ஜ்ல ஒட்டுற காந்தத்தை அதுல வச்சுப் பாருங்க, பெரும்பாலான எவர்சில்வர்ல ஒட்டாது, ஒட்டாததுக்கு காந்தப்புலத்தை மறிக்கத் தெரியாது. பிஸ்கட் வர்ற தகர டின் அந்த விஷயத்துல தேவலாம். 100, 200 மட்டும் அப்படியே நின்னுச்சு, அது வயரிங் தப்பு. ரெக்டிஃபையர்லருந்து (ஏசியை டிசி ஆக்கற டயோடுகள்) ஃபில்டர் கெப்பாசிட்டருக்கு கரண்ட் சீரா போகாது, குத்து குத்தாத்தான் போகும், நான் சர்க்யூட்டோட கிரவுண்டை அந்த வழியிலயே நடுவுல எடுத்து கட்டியிருந்தேன். சென்டர் டேப்பை (15-0-15ல நடுவுல இருக்கற அந்த 0 ஒயர்) நேரா கெப்பாசிட்டர் காலுக்கு கொண்டு போய், சர்க்யூட் கிரவுண்டை கெப்பாசிட்டருக்கு அந்தப் பக்கத்துலருந்து எடுத்தேன், ஒரே ஒரு வயர், அக்கா ஓகே சொல்லிட்டாங்க.

ரெண்டாவது ப்ரீஆம்ப்ல இந்த வம்பே வேணாம்னு, ஏசி அவுட்புட் தர்ற அடாப்டர் போட்டேன், சின்ன மிக்சர்களுக்கு வருமே அது, 18 வோல்ட் ஏசி. உங்களுக்கும் அதான் சொல்வேன். 230 வோல்ட் டப்பாவுக்குள்ளயே வராது, காந்தப்புலம் சுவத்து பிளக்கோட நின்னுடும். மேல ஒரு டயோடு கீழ ஒரு டயோடு போட்டு எல்எம்317, எல்எம்337 (வோல்டேஜை நிலையா நிறுத்தற ஐசிகள்) வச்சா பிளஸ் மைனஸ் 15 வோல்ட் வந்துடும், அதே 18ஐ டயோடு கெப்பாசிட்டர் வச்சு மூணு மடங்கு பெருக்கி டிஎல்783 போட்டு இறக்கினா ஃபேன்டமுக்கு (கண்டென்சர் மைக்குக்கு மைக் ஒயர் வழியாவே குடுக்கற கரண்ட்) 48. எஸ்எம்58க்கு ஃபேன்டம் தேவையில்ல, ஆனா நாளைக்கே கண்டென்சர் வாங்குவீங்க, எனக்குத் தெரியும்.

ஃபேன்டம்ல ரெண்டு விஷயம். அந்த 6.8 கே ரெசிஸ்டர் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு 0.4 சதவீதத்துக்குள்ள, அதாவது 27 ஓமுக்குள்ள இருக்கணும், இருபது வாங்கி மீட்டர்ல அளந்து ஜோடி சேத்தா போதும், ஸ்பெஷலா எதுவும் வேணாம். இன்னொண்ணு, உள்ள வர்ற வழியில இருக்கற 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்ல 48 வோல்ட் ஏறி நிக்கும், ஃபேன்டம் ஆன்ல இருக்கறப்ப மைக் ஒயர் ஷார்ட் ஆனா அது மொத்தமும் சிப்போட இன்புட்ல கொட்டும். நான் ஒரு சிப்பை அப்படித்தான் சாகடிச்சேன். ஒவ்வொரு இன்புட்லயும் 10 ஓம் சீரீஸ்ல, பிளஸ் 15க்கும் மைனஸ் 15க்கும் ஒவ்வொரு 1என்4004, நாலே டயோடு, சோம்பல் படாம போட்டுடுங்க. எக்ஸ்எல்ஆர் 1ம் பின்னை போர்டு கிரவுண்டுக்கு கொண்டு போகாம உள்ள நுழையற இடத்துலயே டப்பாவோட கட்டுங்க, ஆடியோ இன்ஜினியர் நீல் மன்சி 1995லயே எழுதி வச்ச விஷயம் இது, இன்னும் பாதி பேர் தப்பாத்தான் கட்டுறாங்க.

கெயினுக்கு கடையில குடுக்கற 10 கே லீனியர் பாட் (திருகி ரெசிஸ்டன்ஸ் மாத்தறது) வாங்கிடாதீங்க. இந்த சிப்கள்ல 10 கேயை கெயின் ரெசிஸ்டரால (இங்க அந்த பாட்) வகுத்து ஒண்ணு கூட்டினா கெயின், 100 ஓமுக்கு 40 டெசிபல், 10 ஓமுக்கு 60, ஆக நமக்கு வேண்டிய மொத்த ஏரியாவும் பாட்டோட கடைசி ஒரு சதவீதத்துல நசுங்கிக் கெடக்கும். ரிவர்ஸ் லாக் பாட் தேடி நான் அலைஞ்சதுதான் மிச்சம். 12 ஸ்டெப் ரோட்டரி ஸ்விட்ச்ல ரெசிஸ்டர்களைக் கட்டிடுங்க, கூடவே 1.1 கே ஒண்ணை பேரலலா நிரந்தரமா போட்டு வச்சா ஸ்டெப் மாத்தறப்ப கெயின் ஒரேயடியா விழாது. கெயின் ரெசிஸ்டரோட சீரீஸ்ல 3300 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வேணும், பெருசா தெரியும், ஆனா 10 ஓமுக்கு அதைவிட ரொம்பக் கொறைச்சா பேஸ் போயிடும்.

செஞ்சு முடிச்சதும் இண்டர்ஃபேஸோட லைன் இன்புட்ல குடுங்க, மைக் இன்புட்ல இல்ல. நான் முதல் நாள் பழக்கதோஷத்துல எக்ஸ்எல்ஆர் ஒயரையே எடுத்து மைக் பக்கம் சொருகி, மூணு மாசம் உழைச்சதுக்கு இரைச்சல் இன்னும் ஜாஸ்தியாத்தான் இருக்குன்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தலையில கை வச்சு உக்காந்திருந்தேன், சமாசாரம் என்னன்னா என் ப்ரீஆம்ப்புக்குப் பின்னாடி அதோட பழைய ப்ரீஆம்ப்பும் வேலை பாத்துக்கிட்டு இருந்துருக்கு.