ஜவுளிக்கடையில் உட்காரும் உரிமை: கேரளாவுக்கு மட்டுமா?

இல்லை, தமிழ்நாட்டிலும் உண்டு. "உட்காரும் சட்டமெல்லாம் கேரளாவில்தான்" என்று, இங்கே ஜவுளிக்கடையில் வேலை செய்யும் உங்கள் தங்கையிடம் கடை மேலாளர் சொன்னது தவறு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இல் 22-ஏ பிரிவை 2021-இல் சேர்த்தார்கள். எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வேண்டும் என்கிறது அது. பெண்களுக்கு மட்டுமல்ல, துணி மடிக்கும் பையன்களுக்கும்தான்.

கேரளா 2018-லேயே முந்திக்கொண்டது. மேலாளர் அந்தச் செய்தியோடு நின்றுவிட்டார் போலிருக்கிறது. (அல்லது தெரிந்தே சொல்கிறார். அதுவும் நடக்கும்.)

முதலில் ஒன்றைப் பாருங்கள்: தங்கை நிற்கும் தளத்தில் எத்தனை ஸ்டூல், எத்தனை பேர்? பன்னிரண்டு பேருக்கு இரண்டு ஸ்டூல் போட்டுவிட்டு, "இருக்கை இருக்கிறதே" என்பார்கள். எண்ணிக் குறித்துக்கொண்டு, தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். நான்கைந்து பேராகச் சேர்ந்து கொடுத்தால் நல்லது, தனியாகக் கொடுத்தால் யார் என்று உடனே தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும். மணிக்கு இத்தனை நிமிடம் என்று சட்டத்தில் இல்லை. வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது உட்காரலாம், அவ்வளவுதான். வாடிக்கையாளர் புடவை கேட்டு நிற்கும்போது எழுந்துதான் ஆக வேண்டும். தீபாவளிக் கூட்டத்தில் அந்த வாய்ப்பு எப்போது வரும் என்று கேட்டால், சரி, அது வேறு கதை.