டீச்சர் பதில்கள்: மங்கில் இருந்த பால்

கேள்வி: டீச்சர், நான் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். என் தங்கை ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்து, "படுக்கிறதுக்கு முன்னால நன்றி சொல்ற மாதிரி மூணு விஷயம் எழுதுண்ணா, மனசு லேசாகும்" என்றாள். உடம்பு நன்றாக இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, வேலை இருக்கிறது என்று முதல் வாரம் எழுதினேன். அடுத்த வாரமும் அதேதான். இப்போது பொய் எழுதுகிற மாதிரி இருக்கிறது. நிறுத்திவிடலாமா?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: நிறுத்த வேண்டாம் தம்பி. தினமும் எழுதுவதை மட்டும் நிறுத்துங்கள். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பேர் பெற்றது. அதில் கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் நன்றிக்குரியவற்றையும், இன்னொரு பிரிவினர் எரிச்சல் தந்தவற்றையும் எழுதினார்கள். 10 வாரம், வாரத்துக்கு ஒரே ஒரு முறை, அதிகபட்சம் ஐந்து விஷயம். நன்றியை எழுதியவர்களுக்குத் தங்கள் வாழ்க்கை மேல் திருப்தி கூடியிருந்தது. வாரத்துக்கு மூன்று முறை எழுதியவர்களைவிட ஒரு முறை எழுதியவர்களுக்கே பலன் கிடைத்தது என்று சோன்யா லுபோமிர்ஸ்கி என்ற இன்னொரு ஆய்வாளர் கண்டார். அதனால் உங்களுக்குச் சலித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் உங்கள் சிக்கல் அது மட்டும் இல்லை. "குடும்பம் இருக்கிறது" என்று எழுதும்போது கண்முன் எதுவும் வருவதில்லை, பாருங்கள். அதுதான் பொய் மாதிரி தெரிகிறது.

என் அம்மா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியும் முன்னே காட்டுக்குப் போய்விடுவார். மரத்தை வெட்டிவிட்டு, மரத்தில் கட்டிய மங்கில், அதாவது சின்னக் கிண்ணத்தில், பால் சொட்டி நிறையும் வரை மூன்று நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் மழை பிடித்துக்கொண்டால் மங்கில் தண்ணீர் விழுந்து பால் வழிந்து ஓடிவிடும், அன்றைய பாடு வீண். அம்மா வாயிலிருந்து நன்றி என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. ஆனால் மத்தியானம் வந்து லயத்து வாசலில் காலைக் கழுவிக்கொண்டே சொல்வார்: "இன்னிக்கு மழை பத்து மணிக்கு மேலதான் வந்துச்சு. மங்குல இருந்த பாலெல்லாம் எடுத்துட்டோம்." அந்த நாள் முழுக்க அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். அறுபது வருஷம் ஆகப்போகிறது, அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

நீங்களும் அப்படி எழுதுங்கள். மணி, இடம், ஆள் எல்லாம் வரட்டும். போன வாரம் நான் எழுதியது இது: ஆயர் ஈத்தாம் பசார் பக்கத்தில் நான் தே குடிக்கும் ஒட்டுக்கடையில், நான் சாலையைக் கடக்கும்போதே கடைக்காரத் தம்பி "டீச்சருக்கு கூராங் மானிஸ்!" (இனிப்பு குறைவாக) என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டார். எனக்குச் சர்க்கரை கூடிய நாளில் ஒரே ஒரு முறைதான் அவரிடம் சொன்னேன். இரண்டு வருஷமாக நினைவு வைத்திருக்கிறார். எழுதி முடித்ததும், மறுநாள் அவரிடம் சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது. சொன்னேன். குவளையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். நீங்களும் எழுதியதில் ஒன்றையாவது உரிய ஆளிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் முருகனுக்கு நன்றி சொல்லிவிடுகிறேன். மனிதர்களுக்குத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா?
- வாசகி, ஜெலுத்தோங்

பதில்: சொல்ல வேண்டும் அம்மா. தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் தமிழரும் சீனரும் உடைக்கும் தேங்காய் எத்தனை ஆயிரம் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். அத்தனை ஓடுகளையும் மண்வாரியால் வழித்து ஓரம் கட்டுகிற தொழிலாளர்கள் இல்லை என்றால், வெறுங்காலோடு வருகிறவர்கள் பாதம் கிழிந்துபோகும். மலையேறும் 513 படிக்கும் முருகனை நினையுங்கள். கீழே ரோட்டைப் பெருக்குகிறவருக்கு ஒரு தண்ணீர் போத்தல் கொடுங்கள்.

கேள்வி: என் கணவர் பக்கவாதம் வந்து மூன்று வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறேன். களைப்பாக இருக்கிறது என்று வாய் திறந்தால் மாமியாரும் நாத்தனாரும், "உயிரோட இருக்காரே, அதுக்கு நன்றியோட இரு" என்கிறார்கள். நான் நன்றி கெட்டவளா டீச்சர்?
- பெயர் வேண்டாம், பிறை

பதில்: இல்லைம்மா. ஒருக்காலும் இல்லை. நன்றி உள்ளே தானாக ஊற வேண்டியது. அடுத்தவர் வாயை அடைக்க அதை எடுத்துப் பேசுவது தப்பு, அதை உங்கள் மாமியார் படிக்கட்டும் என்றே இங்கே எழுதுகிறேன். களைப்பைக் களைப்பு என்று சொல்லுங்கள். நாத்தனாரிடம் "ஞாயிற்றுக்கிழமை காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் நீங்க வந்து அண்ணனைப் பாருங்க" என்று நேரம் குறித்துக் கேளுங்கள். பொதுவாக "உதவி பண்ணுங்க" என்றால் யாரும் வரமாட்டார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரிப்பவர்களுக்குச் சமூக நல இலாகாவில் மாத உதவித்தொகை உண்டு. வருமானத்தைப் பார்த்துத்தான் தருவார்கள், ஆனாலும் மனுப் போடுங்கள். மனம் தாங்கவில்லை என்றால் 15999 எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், அது அரசாங்கத்தின் தாலியான் காசே சேவை. நோட்டுப் புத்தகமெல்லாம் உங்களுக்கு இப்போது வேண்டாம். முதலில் தூங்குங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. எது கிடைத்தாலும் "இவ்வளவுதானா?" என்கிறான். நன்றியை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?
- வாசகி, சுங்கை டுவா, சுபெராங் பிறை

பதில்: புத்திமதி வேண்டாம், பிள்ளைகள் காதில் அது நிற்காது. நீங்கள் இருக்கும் ஊரே நல்ல பாடம்தான். கெடாவிலிருந்து ஓடி வரும் மூடா ஆற்றுத் தண்ணீர் உங்கள் ஊர் நிலையத்தில் சுத்தமாகி, கடலுக்கு அடியில் போட்ட குழாய் வழியாகத் தீவில் இருக்கும் எங்கள் வீடுகளுக்கு வருகிறது. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அவனுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அப்புறம் 2024 ஜனவரியையும் சொல்லுங்கள். அந்த நிலையத்தின் பெரிய வால்வுகளைச் சரிசெய்ய நாள் கணக்கில் தண்ணீர் வெட்டு இருந்ததே, அப்போது அவனும் கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்திருப்பான்.

எங்கள் ஃபிளாட்டுக்கு லிஃப்ட் கிடையாது, நான் நாலாவது மாடி. கீழே தண்ணீர் லாரி வந்த சத்தம் கேட்டும் முழங்கால் வலியால் இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். கதவைத் தட்டினார்கள். முதல் மாடியில் இருக்கும் சீன அங்கிள், கைக்கு ஒன்றாக இரண்டு வாளி. எழுபது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. அதுவரை படியில் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி, எங்களுக்குள் பேச்சே இருந்ததில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நேராக குளியலறைக்குப் போய் என் தோம்பில் சிந்தாமல் ஊற்றினார். கடைசிச் சொட்டும் விழட்டும் என்று வாளியைக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு வெறும் வாளிகளை எடுத்துக்கொண்டு, "எஸோக் லாகி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நாளைக்கும் வருகிறேன் என்றுதான் அர்த்தம். மறுநாளும் வந்தார்.