பச்சைக் கூழில் மிதக்கும் தட்டான்

ஐயா, வணக்கம்.

சிங்கப்பூர் ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போய்ப் பூச்சிகளைப் படம் எடுக்கிறேன். 100 எம்எம் மேக்ரோ லென்ஸ். தட்டானின் கண் தெளிவாக விழுந்தால் இறக்கை மங்குகிறது. லென்ஸின் துளையை (அப்பர்ச்சர்) எஃப்/22 வரை சுருக்கினால் மொத்தப் படமும் மழுங்குகிறது. அப்பர்ச்சர் எவ்வளவு வைப்பது? பூச்சியைக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் அசையாது, பல ஷாட் எடுத்து ஒட்டலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?

செ.

அன்புள்ள தம்பி,

ஃபிரிட்ஜ் கூடாது. காப்பகத்தில் பூச்சியைப் பிடிப்பதே குற்றம். குற்றமாகாத இடத்திலும் செய்யாதீர்கள். அதற்குமேல் இதில் பேச எனக்கு ஒன்றுமில்லை.

1:1 அளவில், அதாவது பூச்சி தன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும்போது, முழு ஃபிரேம் கேமராவில், எஃப்/11-க்குத் தெளிவு விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். எஃப்/22 வைத்தாலும் இரண்டரையைத்தான் எட்டும். அவ்வளவு நெருக்கத்தில் அது எஃப்/44 ஆகவே வேலை செய்யும். துளை சிறுத்து ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால்தான் படம் மழுங்குகிறது. 11-லேயே நில்லுங்கள். விரித்த இறக்கையா, சென்சார் அதற்கு இணையாக இருக்கும்படி மேலிருந்து எடுங்கள். இறக்கை மடித்த ஊசித்தட்டானைப் பக்கவாட்டில். முகத்துக்கு நேரே போனால் கண் போதும், இறக்கை மங்கட்டும்.

நீங்கள் அனுப்பிய படங்களில் என் மனம் இறக்கையில் நிற்கவில்லை. பின்னணியைப் பார்த்துத்தான் கோபம் வந்தது. கொஞ்ச காலமாகவே என்னை உறுத்தும் விஷயம் இது. எல்லாப் படத்திலும் ஒரே பச்சைக் கூழ், அதில் ஒரு பூச்சி. சுங்கை பூலோ என்று எழுதாமல் இருந்திருந்தால், ஏதோ அடுக்குமாடி புளோக் அடியில் பூந்தொட்டியில் எடுத்தது என்றே நினைத்திருப்பேன். கண்டல் வேர், வற்றிய சேறு, நீரிணைக்கு அப்பால் ஜொகூர். இந்தத் தீவில் மிஞ்சியிருக்கும் கண்டலே கொஞ்சம். அதைத் தேடிப் போய், அங்கே நின்று, அதையே துடைத்துவிட்டு வருகிறீர்களே! பின்னணி கரைந்தால்தான் அழகு என்று யார் சொல்லிக்கொடுத்தது?

லென்ஸ் மாற்றினால் ஆழம் கூடும் என்று நம்பாதீர்கள். பூச்சி அதே அளவில் விழுந்தால், அதே அப்பர்ச்சரில், எந்த லென்ஸிலும் ஆழம் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபடுவது பின்னணி. 100 எம்எம் அதில் ஒரு கீற்றை மட்டும் பிடிக்கும்; அகன்ற லென்ஸ் முழு இடத்தையும் உள்ளே விடும். மங்கினாலும் இது வேர், இது தண்ணீர் என்று தெரியும்.

புது லென்ஸுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். இருப்பதை வைத்தே பின்னால் நகருங்கள். பூச்சி தன் நிஜ அளவில் நாலில் ஒரு பங்காக (1:4) விழட்டும். அதே எஃப்/11-இல் ஆழம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். இறக்கையும் கிடைக்கும், அது உட்கார்ந்த குச்சியும் கிடைக்கும். ஃபிரேம் நிறையப் பூச்சி வேண்டும் என்ற ஆசையை மட்டும் விடுங்கள்.

முதலில் மட்ஸ்கிப்பரில் பழகுங்கள். ஈரம் காயாத தோலாலும் மூச்சு வாங்கும் மீன் அது. சேறு இல்லாத படத்தில் அதன் பாதி வாழ்க்கை இல்லை. கடல் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். நடைபாலத்தை விட்டு இறங்க வேண்டாம். குடிக்கத் தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, ஆறு நாள் வெயிலில் உழைத்த உடம்பு.