விற்க முடியாதது மிஞ்சிய பூங்கா

கேள்வி: ஐயா, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா வருஷத்துக்கு ஒருதரம் நுவரெலியா போகிற வழியில் இருக்கும் ஒரு சின்ன மிருகப் பூங்காவுக்கு எங்களைக் கூட்டிப்போவார். பண்ணையும் அதோடு சேர்ந்தே இருந்தது. முயலுக்கு கரட் கொடுத்ததும், கன்றுக்குட்டி என் கையை நக்கியதும் இன்னும் ஞாபகம். போன மாதம் என் மகளைக் கூட்டிப்போனேன். பாதிக் கூடுகள் காலி. மிச்சம் இருந்த ஒரு மந்தி கம்பியோரமாக அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருந்தது. மகள் அழுதுவிட்டாள். அந்த இடம் ஏன் இப்படியானது? இனி டிக்கட் வாங்கிப் போவது உதவியா, பாவமா?
– வாசகி, வெலிமடை

பதில்: மகள், அந்த இடம் எனக்கும் பழக்கம். கால்நடைப் போதனாசிரியராக வேலை செய்த காலத்தில் மாதம் ஒருதரமாவது போவேன். உங்கள் கையை நக்கிய கன்றின் தாய்க்கு நானே சினை ஊசி போட்டிருக்கக்கூடும்.

ஆடு மாடுகளைப் பார்த்துக்கொண்டவர் தேயிலைத் தோட்டத்தில் பேர் வெட்டிக்கொண்டு, அதாவது வேலையிலிருந்து விலகி வந்த ஒரு பெரியவர். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிப் பழகிய கை. மழை தொடங்கியதும் ஆட்டைப் படுக்கவைத்து, ஒரு காலைத் தன் தொடைமேல் போட்டு, பழைய கவ்வாத்துக் கத்தியால் குளம்பின் ஓரத்தைச் சீவுவார். இளஞ்சிவப்பு தெரியத் தொடங்கும் இடத்தில் கை நின்றுவிடும். அதற்கு மேல் போனால் இரத்தம். நம் மலையில் ஈரம் வற்றாது. கல்லில் தேய வேண்டிய குளம்பு சேற்றில் நின்று வளர்ந்துகொண்டே போகும், இடையில் அழுக்கு அடைந்து அழுகும். அவர் போன பிறகு அந்த வேலையை யாரும் செய்யவில்லை. கடைசியாக நான் போனபோது ஒரு கிடாய் முன்னங்கால் இரண்டையும் மடக்கி, முழங்காலில் நின்று புல் தின்றுகொண்டிருந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அந்த இடம் வாழ்ந்தது ஏப்ரல் சீசனை நம்பி. சித்திரை வருஷப் பிறப்புக்குக் கொழும்பிலிருந்து வரும் சனத்தின் காசில்தான் வருஷம் முழுக்கத் தீனி வாங்கினார்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்போடு அந்த வருஷச் சீசன் பாதியில் நின்றது. 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு, ஏப்ரலில் பெற்றோல் வரிசை. யார் மலை ஏறி வருவார்? மற்றத் தொழில் என்றால் கடையைப் பூட்டிவிட்டுக் காத்திருக்கலாம். மாட்டுக்கு அன்றன்றைக்குப் பசிக்குமே. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்ததும் சோள விளைச்சல் விழுந்து, இறக்குமதிக்கு டொலரும் இல்லாமல் போக, தீனி விலை எட்டாத இடத்துக்குப் போய்விட்டது.

அப்போது முதலாளி என்ன செய்தார்? நல்ல விலை போகிற கறவை மாடுகளை முதலில் விற்றார். அப்புறம் ஆடுகள், வான்கோழிகள். அன்றாடம் பால் தந்து சம்பாதித்துக்கொடுத்த பக்கம் முதலில் போனது. காட்டு மிருகத்தை விற்க முடியாது, அது சட்டப்படி குற்றம். ஆக, விற்கக்கூடியதெல்லாம் போய், விற்க முடியாதது மிஞ்சியது. உங்கள் மகள் பார்த்தது அதைத்தான்.

அந்த மந்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மந்தி இலை தின்னும் சாதி. மாட்டைப்போல அதன் இரைப்பையிலும் அறைகள் உண்டு. இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கிறது. அதற்குப் போய் பாணும் வாழைப்பழமும் கொடுத்தார்கள். கூட்டமாக மரத்துக்கு மரம் தாவி வாழ்கிற உயிரைத் தனியே அடைத்தால், நீங்கள் பார்த்த அந்த நடைதான் வரும். அது விளையாட்டல்ல, மனம் உடைந்த நடை. நான் அத்தனை வருஷம் மாடுகளைப் பார்த்துவிட்டு அந்தக் கூட்டைத் தாண்டி வந்திருக்கிறேன். அப்போதே வாய் திறந்திருக்க வேண்டும்.

இப்போது திறந்திருக்கிறேன். மந்தியையும், அங்கே இருக்கிற மரை என்ற பெரிய மானையும் வனசீவராசிகள் திணைக்களத்திடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டு கறவை மாடு, நாலு ஆடு, முயல் என்று பண்ணையை மட்டும் மறுபடி தொடங்குங்கள் என்று முதலாளியிடம் போன கிழமைதான் சொல்லிவிட்டு வந்தேன். யோசிப்பதாகச் சொன்னார். அது நடந்தால் டிக்கட் வாங்கிப் போங்கள், நானும் வருகிறேன். அதுவரை வேண்டாம். மகளுக்கு மரையைக் காட்ட ஆசை என்றால் ஹோர்ட்டன் சமவெளிக்கு விடியற்காலையில் போங்கள். திறந்த புல்வெளியில் தன்பாட்டில் மேயும். கிட்டே வந்தாலும் எதுவும் கொடுக்காதீர்கள். பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிச் செத்த மரைகள் அங்கே உண்டு.

கேள்வி: கொழுந்து எடுக்கும்போது மலையில் புலிக்குட்டி கிடந்தால் முன்பெல்லாம் இப்படியான பூங்காக்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இப்போது யாரிடம் கொடுப்பது?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: யாரிடமும் கொடுக்க வேண்டாம், தம்பி. தொடவே வேண்டாம். நம் மலையில் புலி என்பது சிறுத்தையைத்தான். தாய்ச் சிறுத்தை இரை தேடப் போகும்போது குட்டியைத் தேயிலைச் செடிக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டுப் போகும். அனாதை என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். அந்த மலையில் அன்றைக்கு வேலையை நிறுத்தச் சொல்லி கங்காணியிடம் சொல்லுங்கள், நாயைக் கட்டிவையுங்கள், சனத்தைக் கூட்டாதீர்கள். இருட்டியதும் பெரும்பாலும் தாய் வந்து கவ்விக்கொண்டு போய்விடும். குட்டிக்குக் காயம் இருந்தாலோ, அடுத்த நாளும் அங்கேயே கிடந்தாலோ 1992க்கு அழையுங்கள். அது வனசீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம். அவர்கள் வரும்வரை தூரத்தில் ஒருவர் காவல் நின்றால் போதும்.