கான்ட்ராக்டர் கேட்கும் 15 சதவீதம்: வீடு கட்டுவோர் கேள்விகளுக்குப் பதில்

எஸ்டிமேட்டில் பொருள், கூலி எல்லாம் போட்டுவிட்டு, கடைசியில் 'ஓவர்ஹெட், லாபம் 15%' என்று தனி வரி போட்டிருக்கிறார். கூலிதான் கொடுக்கிறோமே, இது எதற்கு? (மதுரை)

நீங்கள் கொடுக்கும் கூலி கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் போய்விடுகிறது. வேலையை எடுத்து நடத்துகிறவருக்கு அதில் எதுவும் இல்லை. சைட் இன்ஜினியர் சம்பளம், வாட்ச்மேன், அலுவலக வாடகை, வண்டிக்கு டீசல், கலவை மெஷின் ரிப்பேர், ஆடிட்டர் கட்டணம், ஆட்களுக்குக் கொடுத்துத் திரும்பாமல் போன அட்வான்ஸ் எல்லாம் சேர்ந்ததுதான் ஓவர்ஹெட். மழையில் வேலை நின்றாலும் இதில் பாதிக்கு மேலான செலவு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

அலுவலகச் செலவை எந்த ஒரு வீட்டின் மேலும் முழுதாக ஏற்ற முடியாது. வருடத்துக்கு 1 கோடி ரூபாய் அடக்கத்துக்கு (அதாவது பொருளும் கூலியும் மட்டும்) வேலை செய்பவருக்கு அலுவலகம் நடத்த 8 லட்சம் ஆகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு வேலையிலும் 8 சதவீதம் அதற்கே சரியாகிவிடும். உங்களிடம் 15 வாங்கினால் அவர் கையில் நிற்பது 7. பின்னால் விரிசல், ஒழுகல் என்று நீங்கள் கூப்பிட்டால் வந்து பார்ப்பதும் அந்த 7-க்குள்தான். மத்திய பொதுப்பணித் துறையும் தன் விலைக் கணக்கில் கான்ட்ராக்டரின் லாபத்துக்கும் ஓவர்ஹெட்டுக்கும் சேர்த்து 15 சதவீதம்தான் போடுகிறது. உங்களிடம் கேட்டிருப்பது அதிகமில்லை.

ஆனால் ஒன்றைப் பாருங்கள். வாட்ச்மேன், சூப்பர்வைசர், சார வாடகை போன்றவை மேலே தனி வரிகளாகவும் இருக்கின்றனவா? இருந்தால் அவை 15-க்குள் அடங்கியவையா, அதற்கு வெளியேயா என்று கேளுங்கள். ஒரே செலவு இரண்டு இடத்தில் வந்திருந்தால் குறைக்கச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஒரு கான்ட்ராக்டர் லாபத்தைத் தனியாகப் போட்டு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார். வேறொருவர், "உங்களிடம் லாபமே வேண்டாம், சதுர அடி ரேட் மட்டும் போதும்" என்கிறார். அவரிடமே கொடுத்துவிடலாமா? (திருச்சி)

அவசரப்படாதீர்கள். சதுர அடி ரேட் என்றாலே ஓவர்ஹெட்டும் லாபமும் உள்ளே கலந்துதான் இருக்கும். அதில் தப்பில்லை. ஆனால் லாபமே இல்லை என்று சொல்பவருக்கும் குடும்பம் இருக்கிறது, வேறு எங்காவது அது வந்தாக வேண்டும். கம்பியின் எடையில் வரலாம். போர்டிகோ, படிக்கட்டு ஹெட் ரூம், சன்ஷேட் எல்லாவற்றையும் முழுப் பரப்பாக அளப்பதில் வரலாம். சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர் ரேட்டில் சேராது என்று பாதி வேலையில் சொல்லலாம். அஸ்திவார ஆழம், கம்பி அளவு, சிமெண்ட் பிராண்டு, டைல்ஸ் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரை, எதை எப்படி அளப்பது என்று எழுதி வாங்குங்கள். விட்டுப்போனவற்றையும் கூட்டியபின் முதல் ஆளின் எஸ்டிமேட்டோடு ஒப்பிடுங்கள். நான் பார்த்தவரை, சதவீதத்தை வெளிப்படையாக எழுதுகிறவரோடுதான் பின்னால் சண்டை குறைவு.

டைல்ஸும் பாத்ரூம் ஃபிட்டிங்ஸும் நானே வாங்கிக் கொடுத்தால், அவற்றுக்கும் 15 சதவீதம் தர வேண்டுமா? (சேலம்)

முழுதாகத் தர வேண்டியதில்லை, அவர் பணம் அதில் முடங்கவில்லை. ஆனால் இறக்கி வைப்பது, பாதுகாப்பது, உடைந்தால் பொறுப்பேற்பது எல்லாம் அவர் தலையில்தான். பொருள் விலையில் 4, 5 சதவீதம் கொடுப்பது நியாயம் என்பேன். ஒட்டும் கூலி மீதான சதவீதம் அப்படியே இருக்கும்.

நான் புதிதாக கான்ட்ராக்ட் எடுக்கிறேன். அடக்கத்தின் மேல் 20 சதவீதம் போட்டும், வருடக் கடைசியில் அந்த லாபம் கணக்கில் தெரியவில்லை. (கோவை)

10 லட்சம் அடக்கத்தில் 20 சதவீதம் சேர்த்தால் பில் 12 லட்சம். அந்த 12-ல் உங்கள் 2 லட்சம் 16.67 சதவீதம்தான். பில்லில் 20 சதவீதம் நிற்க வேண்டுமானால் அடக்கத்தின் மேல் 25 சேர்க்க வேண்டும். அப்புறம் ஓவர்ஹெட். அது 1 லட்சம் என்றால் மிச்சம் 1 லட்சம், அதாவது பில்லில் 8.33 சதவீதம். போன வருட அலுவலகச் செலவை முதலில் கூட்டிப் பாருங்கள். உங்கள் ஓவர்ஹெட் எத்தனை என்று தெரியாமல் பக்கத்து கான்ட்ராக்டரின் சதவீதத்தை எடுத்துப் போடாதீர்கள்.

லாபத்துக்கும் ஜிஎஸ்டி உண்டா? (தஞ்சாவூர்)

உண்டு. பொருளோடு சேர்த்து எடுக்கும் கான்ட்ராக்டில், பதிவு பெற்றவர் மொத்த பில்லுக்கும் 18 சதவீதம் போடுவார். தனி வீட்டுக்கு வெறும் லேபர் கான்ட்ராக்ட் என்றால் ஜிஎஸ்டி இல்லை. சிமெண்ட் வரி 2025 செப்டம்பரில் 28-லிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முன் வாங்கிய எஸ்டிமேட்டாக இருந்தால் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

பேங்க் லோன் தவணை தாமதமாகி, எங்களால் வேலை 2 மாதம் நின்றது. சென்ட்ரிங் ஷீட் (கான்கிரீட் ஊற்ற அடியில் தாங்கலாக வைக்கும் தகடு) வாடகையும் வாட்ச்மேன் சம்பளமும் கேட்கிறார். (திருநெல்வேலி)

கொடுங்கள். வேலை நின்றாலும் அவருக்கு அந்தச் செலவு ஓடியிருக்கிறது. வாடகை ரசீதைக் கேட்டு வாங்கி, ஆன செலவை மட்டும் கொடுத்தால் போதும். நின்ற நாட்களுக்கு அதன் மேல் லாபமும் கேட்டால், ஒப்பந்தத்தில் அப்படி எழுதாதவரை ஒப்புக்கொள்ள வேண்டாம். அடுத்த தவணை எப்போது வரும் என்பதையும் இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். ஷீட்டைத் திருப்பிக் கொடுப்பதா வைத்திருப்பதா என்று அவர் முடிவெடுக்க அது வேண்டும்.